பானெட்டைத் திறந்தால் பாவமா?

நெய்வேலிக்குப் பக்கத்தில், காடாம்புலியூர்ப் பக்கம் எவராவது பழைய பிஎம்டபிள்யூவோ பென்ஸோ வாங்கி வாசலில் நிறுத்தினால், வாழ்த்த வருகிறவர்களைவிடத் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள்தான் அதிகம். ‘யானையை வாங்கிட்டீங்களே, கட்டித் தீனி போட முடியுமா?’ என்று ஆரம்பிப்பார்கள். ‘கம்பெனி ஆளைத் தவிர யாரையும் தொட விட்டுடாதீங்க, ஆயில்கூட சென்னையிலதான் மாத்தணும்’ என்று இலவச ஆலோசனையில் முடிப்பார்கள். பத்து வருடம் ஓடிய சொகுசுக் கார், புதிதாக வரும் சின்னக் காரின் விலைக்கே கிடைக்கிற இந்தக் காலத்தில் இந்தப் பல்லவி இன்னும் பலமாகக் கேட்கிறது. பாடுகிறவர்கள் யார் என்று பார்த்தால்தான் எரிச்சல் தலைக்கேறுகிறது. அப்பாவும் தாத்தாவும் நெய்வேலிச் சுரங்கத்தில் ஜெர்மன் எந்திரத்தைக் கழற்றி மாட்டிச் சம்பாதித்ததில் படித்து ஆளான பிள்ளைகள்!

அந்தச் சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் 1956-இல் தொடங்கியது. மேல்மண்ணை வெட்ட ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் எந்திரங்கள் வந்து இறங்கின. 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது. அதற்கு மேலே கிடந்த கடலூர் மணற்பாறை சாமானியப்பட்டதல்ல. பக்கெட்டின் பற்களை அரைத்துத் தள்ளிவிடும். அதற்காக ஒவ்வொரு முறையும் ஜெர்மனிக்குத் தந்தி அடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்களா? தேய்ந்த பல்லைக் கழற்றினார்கள், வேறு பல் மாட்டினார்கள், தேய்ந்ததன்மேல் வெல்டிங் வைத்துக் கடின உலோகம் ஏற்றினார்கள், அடுத்த ஷிப்டுக்கு எந்திரம் ஓடியது. மாடி வீட்டைவிட உயரமான பக்கெட் வீலைப் பார்த்து மிரளாத ஊர், ஒரு காரின் ஏர் ஃபில்டரைக் கழற்ற மிரள்கிறது. ‘அங்கே இன்ஜினியர் இருக்கார், ஒர்க்‌ஷாப் இருக்கு, மேனுவல் இருக்கு’ என்று பதில் வரும். இருக்கட்டும். காருக்கும் மேனுவல் உண்டு. பெரும்பாலும் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து நம்மைத் தின்ன வைத்த புழுதியில், ஏர் ஃபில்டர் எந்த கிலோமீட்டரில் அடைக்கும் என்று மியூனிக்கில் உட்கார்ந்து கார் செய்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஜெர்மன்காரன் கைபட்டால்தான் ஆகும் என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பிஎம்டபிள்யூவின் இந்தியத் தொழிற்சாலை 2007-இல் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் திறக்கப்பட்டது. அங்கே 3 சீரிஸ் காரைப் பூட்டியது நம்மூர்ப் பிள்ளைகளின் கைதான். பூட்டத் தெரிந்த தமிழனுக்குக் கழற்ற மட்டும் தெரியாதாம்! அந்தத் தலைமுறை 3 சீரிஸின் பேட்டரி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரையே பயமுறுத்த இது ஒன்று போதும் என்று வைத்திருக்கிறார்கள். பேட்டரி டிக்கியில், வலது ஓரத்தில் ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனரில் டெர்மினலைத் தளர்த்தலாம், மைனஸை முதலில். புது பேட்டரி வைத்ததும் அதைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். பேட்டரியின் வயதைப் பார்த்துத்தான் அது சார்ஜ் ஏற்றும், சொல்லாவிட்டால் புதியதையும் கிழடாகவே நினைத்து நடத்தும். ஸ்டியரிங் பக்கத்துக் காலடியில் உள்ள, பழுது கண்டறியும் ஓபிடி துளையில் சின்ன அடாப்டரைச் செருகி, கைபேசிச் செயலியில் பதிந்தால் வேலை முடிந்தது. இந்த ரகசியத்துக்காகவா காரை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்புகிறீர்கள்?

‘கம்பெனி சொல்றதுக்கு மேல நமக்கென்ன தெரியும்?’ என்பதும் பழைய கேள்வி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார்க் கம்பெனிகள் சொல்லி வந்தன. அந்தக் கியர்பாக்ஸ்களில் பலவற்றைச் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டில் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேட்பதா, விற்றவன் பேச்சையா? கேள்வி கேட்காமல் கம்பெனியை நம்புகிறவர்கள் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் போட்ட உத்தரவையும் படிக்கலாம். வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கு உதிரிபாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பட்டியலில் பென்ஸும் உண்டு, பிஎம்டபிள்யூவும் உண்டு. கருவியையும் பாகத்தையும் தராமல் வைத்துக்கொண்டு, ‘வெளியே யாருக்கும் தெரியாது’ என்று சொல்வது எவ்வளவு சௌகரியம்!

எல்லா வேலையையும் வீட்டு வாசலில் செய்யச் சொல்லவில்லை. ஏர்பேக்கில் கை வைக்கக் கூடாது. பிஎம்டபிள்யூ 320டி காரில் வந்த என்47 டீசல் என்ஜினுக்கு டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. அதை மாற்றுவது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. ஆனால் அந்த ஒரு செயினைக் காட்டிப் பிரேக் பேடு, கூலண்ட், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. பக்கெட் வீலிலும் வெளியாள் வந்து பார்க்க வேண்டிய வேலை இருந்திருக்கும். அதற்காக யாரும் கிரீஸ் வைக்காமல் விட்டதில்லை.

இந்தப் பயம் காரோடு நிற்கவும் இல்லை. கைபேசிக் கம்பெனிக்காரன் பேட்டரியை ஒட்டி அனுப்புகிறான், வாயை மூடிக்கொள்கிறோம். மிக்ஸியின் கார்பன் பிரஷ் தேய்ந்தால் மிக்ஸியையே தூக்கிப் போடுகிறோம். பள்ளியில் கைத்தொழில் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டால் பெற்றோருக்கு மகிழ்ச்சி. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த பையன் ஸ்பேனரைத் தொட்டால் வீட்டுக்குக் கௌரவக் குறைவு; ஐடிஐ படித்த பையனுக்கோ பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். அதே வீட்டில் கார் நடுரோட்டில் நின்றுவிட்டால் முதல் போன் அந்த ஐடிஐ பையனுக்குத்தான் போகிறது, அதுவும் ‘தம்பி, சும்மா பாரு, எதையும் கழட்டிடாதே’ என்ற எச்சரிக்கையோடு.