பிழை காட்டியவருக்குக் காசோலை

சென்ற வருடம் எமது மத்ரஸாவில் ஸர்பு பாடத்திற்கென நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் ஒரு வினைச்சொல்லின் வாய்ப்பாடு பிழைத்து விட்டது. மூன்றாம் வருட மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஸரத், இது இப்படி வராதே" என்றார். "உட்காரும்" என்றேன். உட்கார்ந்து விட்டார். அன்றிரவு அகராதியைப் புரட்டியபோது அவர் சொன்னதே சரி என்று கண்டேன். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றி வாய் திறக்காமல் அடுத்த பாடத்துக்குப் போய் விட்டேன்.

இது நினைவில் உறுத்திக் கொண்டிருந்த காலத்தில்தான் டொனால்ட் கனூத் என்ற அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றி வாசித்தேன். (பெயரின் முதலெழுத்தான 'க'வை விழுங்காமல் உச்சரிக்க வேண்டுமாம்.) 1938ல் மில்வோக்கி நகரில் பிறந்தவர். தந்தையார் லூதரன் கிறிஸ்தவப் பாடசாலை ஆசிரியர். சிறு அச்சு வேலைகளும் செய்து வந்தவர். மகன் எட்டாம் வகுப்பில் படிக்கையில் ஓர் இனிப்புக் கம்பெனி போட்டியொன்று வைத்தது. தனது பண்டத்தின் பெயரிலுள்ள எழுத்துக்களைக் கொண்டு எத்தனை சொற்கள் ஆக்கலாம் என்பதே கேள்வி. நடுவர்களின் பட்டியலில் சுமார் 2,500 சொற்கள் இருந்தன. பையன் 4,500க்கு மேல் எழுதிக் கொடுத்தான்! பாடசாலைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி பரிசாகக் கிடைத்தது.

1956ல் கேஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தவருக்கு அங்கிருந்த ஐபிஎம் 650 கணனியோடு சிநேகம் ஏற்பட்டது. பின்னாளில் தனது பெருநூலை எந்த மனிதருக்கும் அன்றி அந்தக் கணனிக்கே சமர்ப்பணம் செய்தார். 1963ல் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய வருடமே பதிப்பகமொன்று கணனி பற்றி ஒரு நூல் கேட்டிருந்தது. ஒரு நூல் என்று தொடங்கியது ஏழு பாகத் திட்டமாக விரிந்தது. 'கணனி நிரலாக்கக் கலை' என்று பொருள்படும் அந்நூலின் முதற்பாகம் 1968ல் வந்தது. இரண்டாவது 1969ல், மூன்றாவது 1973ல்.

முதற்பாகத்தின் தொடக்கத்திலேயே எமக்கு நெருக்கமான ஒரு பெயர் வருகிறது. ஒரு வேலையைப் படிப்படியாக, ஐயத்துக்கு இடமின்றிச் செய்து முடிக்கும் முறைக்கு 'அல்கோரிதம்' என்கிறார்கள். அச்சொல் கலீபா மஃமூன் காலத்தில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மீயின் பெயரிலிருந்து வந்தது என்பதைக் கனூத் அங்கே விளக்குகிறார். எழுதியதோடு நிற்கவில்லை. 1979 செப்டம்பரில், அப்போது சோவியத் ஆட்சியிலிருந்த உஸ்பெகிஸ்தானின் உர்கெஞ்ச் நகரில், அந்தப் பழைய குவாரிஸ்ம் மண்ணிலேயே, அல்கோரிதம் பற்றிய அறிஞர் மாநாட்டுக்குச் சென்றார். எர்ஷோவ் என்ற ரஷ்ய அறிஞருடன் சேர்ந்து மாநாட்டு நூலையும் பதிப்பித்தார். எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு குவாரிஸ்மீயைத் தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்காமல் விடுகிறேன்.

1977ல் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கான அச்சுப் படிகள் அவரிடம் வந்தன. பழைய ஈய எழுத்துக் கோப்புக்குப் பதிலாகப் புதிய ஒளியச்சு முறை. பார்த்தவருக்கு மனம் கசந்து விட்டது. எழுத்துக்கள் அழகற்றுக் கிடந்தன. வேறொருவராயின் பதிப்பகத்தாரோடு சண்டை பிடித்திருப்பார். இவர் நூலை அப்படியே நிறுத்தி வைத்து விட்டு, அச்சுக்கோப்புக்கென்றே ஒரு கணனி நிரல் எழுத இறங்கினார். ஓராண்டில் முடியும் என்பது கணக்கு. பத்தாண்டுக்கு மேல் போயிற்று! 'டெக்' என்பது அதன் பெயர். கடைசி எழுத்து கிரேக்க எழுத்தாம். எமது மாணவர்கள் புள்ளியிட்ட 'கா'வைத் தொண்டையிலிருந்து மொழிவதை ஒத்தது. ஒவ்வொரு வரியாக அல்லாமல், ஒரு பந்தி முழுவதையும் ஒருங்கே பார்த்து எங்கே வரியை முறிக்கலாம் எனத் தீர்மானிப்பது அதன் சிறப்பு. அதனை விலையின்றிப் பொதுவில் விட்டார்.

ஆங்கில வரிக்குள் அரபு வாசகம் வந்தால் என்னாகும்? ஒன்று இடமிருந்து வலம், மற்றது வலமிருந்து இடம். அரபு வாசகம் பாதியில் முறிந்து அடுத்த வரிக்குப் போனால், முதலில் ஓத வேண்டிய சொற்கள் கீழே இறங்கி விடக் கூடாது. 1987ல் கனூத், பியர் மக்கே என்ற பேராசிரியருடன் சேர்ந்து இதற்கு வழி எழுதினார். ஓதும் ஒழுங்கிலேயே முதலில் வரிகளை முறித்துக் கொள்வது, பின்னர் ஒவ்வொரு வரிக்குள்ளும் அரபுப் பகுதியை மட்டும் திருப்புவது. கேட்டால் எளிது. அரபு மேற்கோள்களோடு அச்சகப் படி ஏறி இறங்கியவர்களுக்கே இதன் அருமை புரியும்.

என்னை நிறுத்தி வைத்தது இதுவல்ல. தனது நூலில் ஒரு பிழையை முதலில் கண்டு சொல்பவருக்கு 2 டொலர் 56 சதத்துக்குக் காசோலை எழுதி அனுப்புவது அவர் வழக்கம். கணனிக்காரர் பதினாறின் அடியில் எண்ணுவதால் 256 சதம் அவர்களுக்கு ஒரு முழு 'டொலர்' என்பது பகிடி. பெற்றவர்களில் பலர் வங்கியில் மாற்றாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார்கள். 'டெக்' நிரலில் பிழை கண்டவருக்கோ பரிசு வருடந்தோறும் இரட்டித்து 327 டொலர் 68 சதத்தில் நின்றது. வங்கிக் கணக்கு மோசடிகளுக்கு அஞ்சி 2008ல் உண்மையான காசோலையை நிறுத்தி, கற்பனை வங்கியொன்றின் சான்றிதழ் அனுப்பத் தொடங்கினார். அதற்கும் ஆட்கள் போட்டி போட்டார்கள்.

இன்னொன்றும் செய்தார். பத்தாண்டுகளாகத் தான் விட்ட பிழைகளையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைத்து, 850க்கும் மேற்பட்ட அவற்றை 1989ல் ஓர் ஆய்வேட்டில் பகிரங்கமாக வெளியிட்டார். பதினைந்து வகையாகப் பிரித்து, எது அவசரத்தால், எது மறதியால், எது தவறான விளக்கத்தால் என்று! 1974ல் கணனித் துறையின் மிகப் பெரிய கௌரவமான டூரிங் விருதைப் பெற்றவர் செய்த காரியம் இது.

1990 ஜனவரி முதலாந் திகதியுடன் மின்னஞ்சலையும் கைவிட்டார். பதினைந்து வருடங்கள் அதைப் பாவித்தது ஓர் ஆயுளுக்குப் போதும் என்பது அவர் கணக்கு. பிழை காட்டுவோருக்கு மட்டும் கதவைச் சாத்தவில்லை. நான்காம் பாகத்தின் முதற்பகுதி 2011லும், இரண்டாம் பகுதி 2022லும் வெளிவந்தன. அப்போது அவருக்கு வயது 84.

எனது குறிப்பு இன்னும் அதே பிழையோடு பிள்ளைகளின் கொப்பிகளில் இருக்கிறது. அந்த மாணவர் இப்போது நான்காம் வருடம்; முன் வரிசையில்தான் உட்காருகிறார். கேள்வி கேட்பதில்லை. சனிக்கிழமை ஸர்பு பாடம் இருக்கிறது.