வேட்பாளர் இல்லாத சுற்றுலா நகரம்



தேயிலையும் குளிரும் சுற்றுப்பயணிகளும் நிறைந்த மலைநகரங்களில் நம்மவர் நன்கறிந்தவை மூன்று: தமிழ்நாட்டின் உதகமண்டலம், இலங்கையின் நுவரெலியா, நம் நாட்டின் கேமரன் மலை. உதகை நகராட்சிக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. நுவரெலியா மாநகர சபைக்கு 2025 மே மாதத்தில் மக்கள் வாக்களித்தனர். அவ்வூர்களில் வேட்பாளர் ஒருவர் வீட்டு வாசலுக்கு வருவார். "குப்பைக்கு என்ன வழி? நெரிசலுக்கு என்ன வழி?" என்று அவரை நிறுத்திக் கேட்கலாம்.

கேமரன் மலையில் அப்படி ஒருவர் வருவதே இல்லை. இங்கு ஊராட்சி மன்றத் தேர்தலே கிடையாது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வந்து போகும் இம்மலையை ஆள விரும்புகிறவர், தம் கருத்தை அதன் குடிமக்களிடம் கூற வேண்டிய கட்டாயம் இல்லை. இது சரியா?

சற்று வரலாற்றைப் பார்ப்போம். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் இல்லாமலே இருந்ததில்லை. 1951இல் ஜார்ஜ் டவுனிலும் 1952இல் கோலாலம்பூரிலும் நகராட்சித் தேர்தல்கள் நடந்தன. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி 1965 மார்ச்சில் அவை நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன், ஒரு தமிழர்! 1968இல் நிறைவுற்ற அவ்வறிக்கை, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே ஊராட்சியை நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு மாநிலம் 2012இல் தானே ஒரு சட்டம் இயற்றித் தேர்தல் நடத்த முனைந்தது. கூட்டரசு நீதிமன்றம் 2014இல் அம்முயற்சியையும் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இன்றைய நிலை என்ன? மாவட்ட மன்றத்தில் 8 முதல் 24 உறுப்பினர் வரை மாநில அரசு நியமிக்கலாம். பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படாது. பெரும்பாலோர் அவ்வட்டாரத்திலேயே குடியிருப்பவராக இருத்தல் வேண்டும் என்றும், தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லவரும் உறுப்பினராகலாம் என்றும் சட்டம் கூறுகின்றது. நல்ல சொற்கள்தாம். ஆனால் நடைமுறையில் அப்பதவிகள் மாநிலத்தை ஆளும் கட்சிகளிடையே பங்கிடப்படுவது ஊரறிந்த செய்தி.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மன்றத்தின் கையில் எல்லாம் இல்லை. வணிக உரிமம், கட்டட அனுமதி, வாகன நிறுத்துமிடம், அங்காடிக் கடை, மதிப்பீட்டு வரி ஆகியன மன்றத்தின் பொறுப்பு. நிலமும் காடும் மாநில அரசைச் சேர்ந்தவை. தாப்பாவிலிருந்து ஏறிவரும் முதன்மைச் சாலை கூட்டரசுச் சாலை. குப்பை அள்ளுவது, 2011 முதல் பஹாங்கில் நடைமுறையில் உள்ள கூட்டரசுச் சட்டத்தின் கீழ் ஒரு குத்தகை நிறுவனத்தின் பணி. அணைக்கட்டோ மின்வாரியத்துடையது.

இப்படிப் பிரிந்து கிடப்பதன் விளைவு என்ன? 2013 அக்டோபர் 23ஆம் நாள் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நள்ளிரவில் நீர் திறந்துவிடப்பட்டது. கீழேயிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் சேற்றில் மூழ்கின, உயிர்கள் பறிபோயின. மேட்டில் காடு அழிந்தால் மண் சரிந்து ரிங்லெட் ஏரியில் படியும். ஏரி தூர்ந்தால் அணை கொள்ளும் நீர் குறையும். பெருமழையில் மதகு திறந்தாக வேண்டும். நிலத்தை ஒருவர் கவனிக்க, அணையை இன்னொருவர் கவனிக்க, கட்டடத்தை மூன்றாமவர் கவனிக்க, பள்ளத்தில் வாழ்பவனை யார் கவனிப்பது? எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, மக்கள் சார்பில் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். மக்களிடம் வாக்குப் பெற்றவருக்கே அந்தக் குரலில் வலிமை இருக்கும்.

தோட்டத்து மக்களின் நிலை இன்னும் ஒரு படி கீழே. தேயிலைச் சரிவுகளைக் காணவே பயணிகள் இம்மலைக்கு வருகின்றனர். விளம்பரப் படங்களில் எல்லாம் கொழுந்து பறிக்கும் கூடைதான் முன்னே நிற்கின்றது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். லயத்துக்குப் போகும் உட்சாலை, விளக்கு, வடிகால் ஆகியன நிர்வாகத்தின் பொறுப்பென்று மன்றம் ஒதுங்கிக்கொள்ள இடமுண்டு. தொழிலாளர் வீட்டுவசதிக்கென 1990ஆம் ஆண்டின் சட்டமும் முதலாளியைத்தான் பொறுப்பாக்குகின்றது. இலங்கையிலும் இதே சுவர் இருந்தது. அங்குள்ள பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை செலவு செய்யத் தடையாக இருந்தது. மலையக மக்கள் பல்லாண்டு குரல் கொடுத்தபின் 2018இல் அது திருத்தப்பட்டது. அவர்கள் கையில் வாக்குச் சீட்டு இருந்தது. ஆகவே குரலும் கேட்டது.

தேர்தல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. உதகையே அதற்குச் சான்று. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி இருந்தும் வாகன வெள்ளத்துக்கு அணை போட்டது சென்னை உயர் நீதிமன்றமே. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இணையவழி அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் கோடைக்காலத்தில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. வணிகர்கள் எதிர்த்தனர். பயணிகளால் பிழைக்கும் ஊரில் பயணிகளைக் குறைப்பேன் என்று சொல்லி வாக்குக் கேட்க எந்த வேட்பாளருக்கும் தயக்கம் இருக்கும். இத்தாலியின் வெனிஸ் நகராட்சி 2024இல் ஒருநாள் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அதற்கே எத்தனை எதிர்ப்பு! எனினும் அங்கெல்லாம் விவாதம் வெளிப்படையாக நடந்தது. நம் மலையில் விவாதத்துக்கான மேடையே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஊராட்சித் தேர்தல் இனப்பிளவை உண்டாக்கும் என்று அஞ்சுவோரும் உளர். 2018ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்துக்குப் பின் அன்றைய பிரதமர் துன் மகாதீரும் இதையே கூறித் தேர்தலை மறுத்தார். அந்த அச்சத்தை எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆனால் கேமரன் மலை வேறொன்றையும் காட்டியிருக்கின்றது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், பழங்குடியினர் அனைவரும் வாழும் இத்தொகுதியில் தமிழர்கள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துள்ளனர். 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பழங்குடியினர் ஆனார். பல இன வாக்காளர்கள் நாடாளுமன்றத்துக்கு ஆளனுப்ப இயலுமாயின், வாகன நிறுத்துமிடத்தைப் பற்றி முடிவு செய்யவும் இயலும்.

சரி, சட்டம் மாறும்வரை கைகட்டி இருப்பதா? வேண்டாம். மாவட்ட மன்ற உறுப்பினரை நியமிப்பது மாநில அரசு. மாநில அரசை அமைப்பது நம் சட்டமன்ற வாக்கு. ஆகவே சட்டமன்றத் தேர்தலில் எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் இவற்றைக் கேளுங்கள்:

1. தோட்டத்தில் வாழும் ஒருவரை மாவட்ட மன்ற உறுப்பினராக நியமிக்கப் பரிந்துரைப்பீர்களா?

2. விடுமுறை நாள்களில் மலைக்கு வரும் வாகனங்களுக்கு வரம்பு வேண்டுமா, வேண்டாவா? வேண்டாமெனில், தானா ராத்தா மருத்துவமனைக்கு நோயாளர் வண்டி எவ்வழியே போகும்?

3. புதிய தங்கும் விடுதிக்கு அனுமதி வழங்குமுன் அதற்கான நீர், கழிவுநீர், வாகன நிறுத்துமிடம் போதுமா என்பதை மக்களுக்கு அறிவிப்பீர்களா?

4. சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கேனும் லயத்துச் சாலைக்கும் விளக்குக்கும் வந்து சேர வழி செய்வீர்களா?

இன்னொன்றும் நம்மில் பலர் அறியாதது. ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, மன்றம் வேறாகத் தீர்மானித்தாலன்றி, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்க்கும் திறந்தவை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் சார்பில் இருவர் போய் அமர்ந்து கேட்டு வந்தால் என்ன? பேச உரிமை இல்லாவிடினும், பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வே உறுப்பினர்களைச் சற்று நிமிர்ந்து உட்காரச் செய்யும்.

நம் வகுப்பறையிலும் இதற்கு இடமுண்டு. நாட்டின் பிரதமர் யார், மாநிலத்தின் மந்திரி பெசார் யார் என்று கேட்டால் மாணவர்கள் பட்டென்று விடை சொல்வார்கள். பள்ளி வாசலில் உடைந்து கிடக்கும் வடிகாலுக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே விழிப்பார்கள். நன்னெறிக் கல்விப் பாடத்தில் ஒரு நாள், மாவட்ட மன்றத்துக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதச் சொல்லலாம். இன்று ஆறாம் ஆண்டில் அமர்ந்திருக்கும் பிள்ளை, 18 வயதில் வாக்காளர் ஆகிவிடும். இடையில் இருப்பது ஆறே ஆண்டுகள். அதற்குள் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பது நம் கடமை.