வெற்றிடம் யாருக்குச் சொந்தம்?

ஒன்றுமில்லாத இடத்தைப் பற்றி எழுத ஆண்டு மலரில் ஒரு பக்கமா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். தமிழ் வகுப்பில் பொதுமொழி படித்தவர்கள் நகைக்கமாட்டார்கள். 'தாமரை' சேர்ந்து நின்றால் பூ. 'தா மரை' எனப் பிரிந்தால் தாவுகின்ற மான். இடையே வந்தது ஒரு வெற்றிடந்தானே!

சென்ற ஆண்டு விடுதி நண்பர் ஒருவரின் பன்னிரண்டு வரிக் கவிதையை எச்.டி.எம்.எல். கோப்பாகத் தட்டச்சு செய்தேன். திரையில் பார்த்தால் அத்தனை வரியும் ஒரே பத்தியாகக் கிடந்தது. "என் கவிதையை உரைநடை ஆக்கிவிட்டாயே!" என்றவர் இரண்டு நாள் பேசவில்லை. தவறு என்னுடையதே. எத்தனை இடைவெளி விட்டாலும், எத்தனை முறை வரியை முறித்தாலும், அம்மொழி வழக்கமாக அதை ஒரே இடைவெளியாகத்தான் காட்டும். வரி பிரிய வேண்டுமானால் அதற்கெனக் குறி இடவேண்டும். கடுமையான விதி, ஆயினும் தெளிவானது.

என் வழக்கு எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு மொழியோடுதான். அதன் விதிநூல் 1998 பிப்ரவரியில் வெளிவந்தது. இடைவெளி, தத்தல், வரி முறிவுக்கான இரு குறிகள் ஆக நான்கே வெற்றிட எழுத்துகள் என்று அது திட்டமாகக் கூறுகிறது. பிறகுதான் தடுமாற்றம்.

'நூல்' என்ற தொடக்கக் குறியை எழுதி, அடுத்த வரியில் இரண்டு இடம் தள்ளித் 'தலைப்பு' என்ற உறுப்பை எழுதுகிறேன். மீண்டும் வரி மாற்றி நூலை மூடுகிறேன். கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்றுதான். அந்த வரி முறிவுகளும் இடைவெளிகளும் நூலின் பகுதியா, அல்லவா? குறி அல்லாத எழுத்து அனைத்தையும் பகுப்பான் அப்படியே பயன்பாட்டு நிரலிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது விதிநூல். அதன்பின் நிரலின் பாடு! நூலுக்குள் உறுப்புகள் மட்டுமே வரும் என்ற இலக்கண அறிவிப்பு இருந்தால், சரிபார்க்கும் பகுப்பான் அதைக் கண்டு 'இது வெறும் வெற்றிடம்' என்று தெரிவிக்கும். அறிவிப்பு இல்லையேல் சொல்வார் இல்லை. ஆகவே ஒரே கோப்பைப் படித்து ஒரு நிரல் நூலுக்குப் பிள்ளை ஒன்று என்கிறது. மற்றொன்று மூன்று என்கிறது.

இதற்கு மருந்தாக 'எக்ஸ்.எம்.எல்: ஸ்பேஸ்' என்றொரு பண்பை வைத்தார்கள். அதற்கு மதிப்பு இரண்டு. 'பிரிசர்வ்' என்றால் வெற்றிடத்தைக் காக்க வேண்டும் என்ற விருப்பம். வெறும் விருப்பந்தான்! 'டீஃபால்ட்' என்றால் அந்தந்த நிரலின் வழக்கப்படி. அந்த வழக்கம் யாது? விதிநூலில் ஒரு சொல் இல்லை. 'உன் விருப்பப்படி செய்' என்பதை ஒரு விதி என்று எழுதிவைப்பதும் ஒரு துணிவுதான்.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. முன்னோடியான எஸ்.ஜி.எம்.எல்., 1986இல் பன்னாட்டுத் தரமாக வந்தபோது, எந்த வரி முறிவைப் புறக்கணிப்பது என்று தானே தீர்மானிக்க முயன்றது. அவ்விதிகளின் சிக்கலைக் கண்டவர்கள், 'அனைத்தையும் கொடுத்துவிடுவோம்' என்று ஒதுங்கியதை முழுதும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். எழுதியவன் வேண்டாம் என்று அறிவிக்காத வரையில் வெற்றிடமும் உள்ளடக்கமே. எல்லா நிரலும் அதை மதிக்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம்.

நிரல் எழுதுவோர் தமக்குள் பேசிக்கொள்ளட்டுமே என்றார் ஓர் ஆசிரியர். கோப்பு முகமறியாதவர் கைக்கும் போகிறதே, ஐயா! மின் கையொப்பமிட்ட எக்ஸ்.எம்.எல். ஆவணத்தை எடுத்து, படிக்க வசதியாக வரிகளைத் தள்ளி அடுக்கிச் சேமித்துப் பாருங்கள். ஒரு சொல்லும் மாறியிராது; கையொப்பம் செல்லாது என்று வரும்.

நண்பரின் கவிதை இப்போது எக்ஸ்.எம்.எல். கோப்பில், 'பிரிசர்வ்' என்ற காவலுடன் இருக்கிறது. பன்னிரண்டு வரியும் என் கணிப்பொறியில் ஒழுங்காகவே தெரிகின்றன. அவர் கணிப்பொறியில் எப்படியோ, இன்னும் கேட்கவில்லை.