கைப்பிடிச் சுவர் இல்லாத வீடு



உபாகமம் 22-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தை நாம் பெரும்பாலும் விரைவாய்க் கடந்துவிடுகிறோம். புதிதாய் வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் ஒருவன் விழுந்து மாண்டால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. விழுந்தவன் கவனமாய் நடந்திருக்கலாமே என்று வேதம் வாதாடவில்லை. கட்டினவனிடமே கணக்குக் கேட்கிறது.

2013 ஏப்ரல் 24 அன்று, வங்காளதேசத்தின் டாக்கா நகருக்கு அருகே சவாரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதன் மேல்மாடிகள் முறையான அனுமதியின்றி எழுப்பப்பட்டவை. ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் அங்கே இயங்கின. முந்தின நாளே விரிசல்கள் தென்பட்டன. கீழே இருந்த வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது, கடைகளும் மூடப்பட்டன. ஆடை தைத்தவர்களோ மறுநாள் காலையில் வேலைக்கு வரும்படி கட்டளை பெற்றார்கள். வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாக உயிர் தப்பியோர் சொன்னார்கள். 1,134 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் பெண்கள்.

விரிசல் எல்லாருக்கும் ஒன்றே. வங்கி ஊழியர் வீடு திரும்ப முடிந்தது. தையல் தொழிலாளியால் ஏன் முடியவில்லை? அந்நாளில் அவளுக்கென்று அரசு விதித்திருந்த குறைந்தபட்ச மாதக் கூலி 3,000 டாக்கா. ஒரு நாள் கூலியை இழப்பதும் அவளுக்குப் பேரிழப்பு. அவளுக்கு மேலே மேற்பார்வையாளர். அவருக்கு மேலே ஆலை முதலாளி. அவருக்கும் மேலே, விலையையும் தேதியையும் விதிக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள். சரக்குத் தாமதமானால் நஷ்டம் ஆலையின் தலையில் விழும். அந்தப் பாரம் படிப்படியாய் இறங்கி, கடைசியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவளின் தோளில் வந்து நிற்கிறது.

யாத்திராகமம் 5-ஆம் அதிகாரத்தில் இதே ஏணியைக் காண்கிறோம். பார்வோன் வைக்கோலை நிறுத்தினான். செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை. ஆளோட்டிகள் இஸ்ரவேலின் தலைவர்களை அடித்தார்கள். ஓய்வு கேட்டவர்கள் சோம்பேறிகள் எனப்பட்டார்கள். இலாபத்தை அரியணையில் அமர்த்திய எந்த ஒழுங்கும் இந்த மொழியையே பேசும்.

இதில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல இயலுமோ? பண்டிகைக்கு ஒருமுறை புத்தாடை வாங்கிய குடும்பங்கள் நம்முடையவை. இன்று கைப்பேசித் திரை ஒவ்வொரு வாரமும் புதிய பாணியைக் காட்டி, அலமாரியில் உள்ளது பழையது என்று நம்மை நம்பவைக்கிறது. நடிகர் உடுத்தியது சில நாட்களில் மலிவு விலையில் வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்த அவசரத்தையும் மலிவையும் யாரோ ஒருவர் தம் உறக்கத்தாலும் உடலாலும் ஈடுசெய்கிறார்.

"அந்த வேலையும் இல்லையென்றால் அவர்கள் பட்டினி கிடப்பார்களே" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தொழிலாளர்கள் ஆலையை மூடும்படி கேட்கவில்லை. பாதுகாப்பையும் நியாயமான கூலியையுமே கேட்டார்கள். அந்த விபத்துக்குப் பின், 2013 மே மாதத்தில், தொழிற்சங்கங்களும் உலக ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சுதந்திரமான பொறியாளர்கள் ஆலைகளைச் சோதித்தார்கள், அறிக்கைகள் வெளியிடப்பட்டன, ஆபத்தான கட்டடத்தில் நுழைய மறுக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. ஆலைகள் அழிந்துபோகவில்லை. கைப்பிடிச் சுவர் கட்டக் கூடியதே. அதைச் சந்தை தானாகக் கட்டவில்லை. தொழிலாளர் ஒன்றுகூடிக் கேட்டதாலும் உலகம் வெட்கப்பட்டதாலும் அது எழுந்தது.

ஆகையால் அன்பானவர்களே, இவ்வாரம் மூன்று காரியங்களைச் சிந்திப்போம். ஆட்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள், நம் கூரையின் கீழ் இருப்பவர் அச்சமின்றி "முடியாது" என்று சொல்லக்கூடுமா என்று பார்ப்போம். உழைப்பவர்கள் சங்கமாய்க் கூடும்போது அதைக் கலகம் என்று சபையார் பழிக்காதிருப்போம். வாங்குகிறவர்கள், தேவையில்லாததை மலிவென்பதற்காக வாங்காதிருப்போம்.

பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினார். அந்தக் கூக்குரலைக் கேட்கிற கர்த்தர் நம் செவிகளையும் திறப்பாராக. ஆமென்.