ஹைதராபாத் வெயிலில் சைபீரியன் ஹஸ்கி: வளர்க்கத் தடை உள்ளதா? கலப்பின நாய் என்றால் தாங்குமா?

ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. அதே நகரத்தின் அபார்ட்மெண்ட்களில்தான் சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மலாமியூட் போன்ற பனிப்பிரதேச நாய்களும் வளர்கின்றன.

"ஏசி இருக்கு, அப்புறம் என்ன?" என்பது ஒரு தரப்பு. "வாயில்லாத ஜீவனை வதைக்கிறாங்க" என்பது இன்னொரு தரப்பு. சட்டம் என்ன சொல்கிறது? நாயின் உடல் என்ன சொல்கிறது?

தடை இருக்கிறதா?

2024 மார்ச்சில் மத்திய அரசு, 23 வகை நாய்களின் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் அனுமதி தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வீலர், ஓநாய் கலப்பு நாய்கள் அதில் இருந்தன. ஹஸ்கியும் மலாமியூட்டும் இல்லை. காரணம், அந்தப் பட்டியல் பார்த்தது மனிதர்களுக்கு வரும் ஆபத்தை. நாய்க்கு நம்ம ஊர் வெயில் ஒத்துக்கொள்ளுமா என்பதை அல்ல. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது.

தட்பவெப்பத்தைக் கணக்கில் எடுத்தது தமிழ்நாடு. 2024-ல் வெளியான மாநில நாய் இனப்பெருக்கக் கொள்கை ஹஸ்கி, மலாமியூட், செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ, பக் உள்ளிட்ட இனங்களின் இனப்பெருக்கத்தைத் தடுக்க முனைந்தது. நாய் வளர்ப்பாளர் அமைப்புகள் எதிர்த்தன. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

இவை எதுவும் ஹைதராபாத்தில் ஹஸ்கி வளர்ப்பதைத் தடுக்கவில்லை. மற்ற நாய்களைப் போலவே மாநகராட்சியில் பதிவு, ரேபிஸ் தடுப்பூசி, அவ்வளவுதான்.

பனி நாய்க்கு வெயில் ஏன் சிக்கல்?

ஹஸ்கி, வடகிழக்கு சைபீரியாவின் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய்களின் வழிவந்தது. 1909 வாக்கில் அலாஸ்கா போனது. 1925-ல் நோம் நகரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, சுமார் 1,085 கிலோமீட்டர் தூரத்துக்கு மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இத்தகைய நாய்களின் அணிகள்தான்.

இதன் ரோமம் இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு போன்ற அடர்த்தி, வெளியே நீளமான முடி. உடல் சூட்டை வெளியே விடாமல் காப்பதுதான் அதன் வேலை. நாய்களுக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் சூட்டைத் தணிக்கும் முக்கிய வழி. காற்றில் ஈரப்பதம் கூடினால் அதுவும் சரியாக வேலை செய்யாது.

அலாஸ்காவின் புகழ்பெற்ற இடிடரோட் பந்தயத்திலேகூட, பகல் வெப்பத்தைத் தவிர்க்க இரவில் நாய்களை ஓட்டுபவர்கள் உண்டு. பனியிலேயே அப்படி என்றால், ஹைதராபாத் தார் ரோட்டில்?

வெயில் வந்ததும் மொட்டையடித்து விடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. வெளி முடி நேரடி வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. தினமும் சீவி, உதிரும் உள்முடியை எடுத்துவிடுவதே நல்லது.

ஏசி மட்டும் போதுமா?

உயிரோடு வைத்திருக்க உதவும். ஆனால் இது பல மைல் ஓடுவதற்காகவே உருவான நாய். கோடையில் விடியற்காலை ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் வெளியே போனாலும், மீதி 22 மணி நேரம் அறைக்குள்தான். ஓட முடியாத ஹஸ்கி ஊளையிடும், சோபாவைக் கடித்துக் கிழிக்கும், கதவு திறந்தால் ஓடிவிடும். பக்கத்து வீட்டார் புகார், வீட்டு ஓனரின் நெருக்கடி எனத் தொடர்ந்து, கடைசியில் "யாராவது எடுத்துக்கிறீங்களா?" என்பதில் போய் முடிகிறது. வெப்பம் பாதிப் பிரச்னைதான். மீதிப் பாதி இது.

கடுமையாக இரைத்து, எச்சில் வடித்து, தள்ளாடினால் ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். முதலில் நிழலில் வைத்துக் குளிர்ந்த நீரை ஊற்றி, காற்று படச் செய்யுங்கள். பிறகு தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கலப்பினம் என்றால் தாங்குமா?

ஹஸ்கியோடு பொமரேனியன் சேர்ந்தால் 'பாம்ஸ்கி'. ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் கலப்புகளும் உண்டு. "இது மிக்ஸ், நம்ம ஊருக்குச் செட் ஆகும்" என்று சொல்லி விற்பதை அப்படியே நம்ப முடியாது. பொமரேனியனுக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் கூட இரட்டை ரோமம்தான். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கு அடர்ந்த முடி, இன்னொன்றுக்குக் குறைவான முடி வரலாம்.

இனப் பெயரை வைத்துத் தடை போடுவதன் பலவீனமும் இதுதான். பட்டியலில் ஹஸ்கி இருந்தால், விற்பவர் 'மிக்ஸ்' என்று எழுதிவிடுவார். குட்டியின் ரோமம் மாறாது.

அப்படியென்றால் எதைப் பிடிக்க வேண்டும்?

விற்பவரை. அதற்கான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு பெண் நாய் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈன வைக்கக் கூடாது.

இந்த விதி நடைமுறையில் இருந்தால், ஹஸ்கியோ மிக்ஸோ, எல்லாம் ஒரே கண்காணிப்புக்குள் வந்துவிடும். அதனால் குட்டியின் நீலக் கண்ணைப் பார்த்ததும் விலை பேசாதீர்கள். முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள், தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், வாங்காமல் வருவதே நல்லது.