லாங்ஸ்ட்ரீட் யாருக்குத் துரோகி?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னகத் தளபதியாக இருந்த லாங்ஸ்ட்ரீட், தோற்றபின் வென்றவர்களின் குடியரசுக் கட்சியோடு சேர்ந்தார். ஆகவே துரோகி என்கிறார்கள்.

ஒன்று: யாரைக் காட்டிக்கொடுத்தார்? 1865 ஏப்ரலில் தென்னகப் படைத்தலைவர் லீ சரணடையும்வரை கூடவே நின்றவர் அவர். அவர் நிலைப்பாடு மாறியது 1867இல். இல்லாத அரசுக்கு எப்படி விசுவாசம் காட்டுவது?

இரண்டு: 1865 அக்டோபரில் லீயும் ஒன்றியத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார். அவர் மட்டும் புனிதரா?

மூன்று: 1863 கெட்டிஸ்பர்க் தோல்விக்கு லாங்ஸ்ட்ரீட்டே காரணமாம். அப்படியானால் லீ கண்மூடிய பிறகு, 1872இல், இன்னொரு தென்னகத் தளபதியான ஜூபல் ஏர்லி மேடையேறி அதை முழங்குவானேன்?

உண்மைக் கோபம் வேறு. 1874இல் நியூ ஆர்லியன்ஸில் லாங்ஸ்ட்ரீட், கறுப்பினத்தவரும் இருந்த அரசுப் படைக்குத் தலைமை தாங்கி, வெள்ளையர் லீக்கின் ஆயுதக் கலகத்தை எதிர்த்தார். காயமும் பட்டார். அதை வெளிப்படையாகக் குற்றமென்று சொல்ல வாய் வரவில்லை, கெட்டிஸ்பர்க் கைகொடுத்தது.