வழியில் ஏறிய ஆள்

கொட்டும் மழையில் ஓர் ஆள் சாலையோரம் கைகாட்டி நின்றால் என்ன செய்வீர்கள்? நம்மில் பலர் வண்டியை நிறுத்திவிடுவோம். 1986-இல் ராபர்ட் ஹார்மன் இயக்கிய 'தி ஹிட்சர்' என்ற ஆங்கிலப் படம் அந்த நல்ல மனசிலிருந்துதான் தொடங்குகிறது.

ஜிம் என்ற இளைஞன் வேறொருவருடைய காரைச் சிக்காகோவிலிருந்து சான் டியேகோவில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விடியாத நேரம், டெக்சஸ் பாலைவனச் சாலை, தூக்கம் கண்ணைச் சொருகுகிறது. பேச்சுத் துணைக்காகட்டும் என்று ஒருவனை ஏற்றிக்கொள்கிறான். "இப்படிச் செய்யாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள்" என்று வேடிக்கையாக வேறு சொல்கிறான். பாவம் பிள்ளை!

ஏறியவன் பெயர் ஜான் ரைடர். சற்று நேரத்தில் கத்தியை எடுக்கிறான். கார்க் கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதைக் கவனித்த ஜிம், அவனை வெளியே தள்ளித் தப்புகிறான். அப்பாடா என்று நாம் மூச்சு விடுகிறோம். பொழுது விடிந்தபின் ஒரு குடும்பத்தின் கார் முந்திப் போகிறது. அதில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறான் அதே ஆள்!

அதன்பின் கொலை செய்வது அவன். போலீஸ் துரத்துவது ஜிம்மை. என்னைக் கேட்டால், கத்தியைவிட இதுதான் பயங்கரம். குற்றமற்றவன் சொல்லும் உண்மையைக் கேட்க ஆளில்லை. சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் நேஷ் என்ற பெண் ஒருத்திதான் அவனை நம்புகிறாள். அந்தக் கடையில் ஜிம் சாப்பிடும் உருளைக்கிழங்கு வறுவலுக்குள் ஒரு விரல் கிடக்கும். சாப்பிட்டுக்கொண்டே படம் பார்க்கும் வழக்கமுள்ளவர்கள் தட்டை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ரைடராக நடித்தவர் ஹாலந்து நாட்டு நடிகர் ருட்கர் ஹாவர். 2019-இல் காலமானார். நம் பட வில்லன்களைப் போல உரக்கச் சிரிப்பதில்லை, வசனமும் கொஞ்சம்தான். மெதுவாகப் பேசி, லேசாகப் புன்னகைப்பார், முதுகுத்தண்டு சில்லிட்டுவிடும். அவன் ஏன் இப்படிச் செய்கிறான், எங்கிருந்து வந்தான் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. சொல்லாததே நல்லது. ஒரு பழைய பகையைக் காரணமாகக் காட்டியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

ஆனால் நேஷுக்கு நேரும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு லாரிக்கும் அதன் பின்வண்டிக்கும் நடுவே அவளைக் கட்டிப்போடுகிறான். கோரத்தை நேரில் காட்டவில்லை. ஆனாலும் மனசு அடித்துக்கொள்கிறது. நம்பிய ஒரே ஒருத்திக்கு இந்தக் கதியா? சிறு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

2007-இல் ஷான் பீன் நடிக்க, இதே கதையை மறுபடி எடுத்தார்கள். பெயர் ஒன்றுதான். மாற்றி எடுத்து வந்துவிடாதீர்கள், பழையதைத் தேடிப் பாருங்கள்.